வன்னி மரமும் பேஸ் கிற்றாரும்

1951இல் லியோ ஃபெண்டர் கலிபோர்னியாவில் விற்பனைக்கு விட்ட பிரிசிஷன் பேஸ் கிற்றாருக்கு உடல் ஆஷ் மரம், கழுத்து மேப்பிள். தந்தியின் அதிர்வைக் காந்தச் சுருளே மின்னாக்குவதால், உடல் மரம் நாதத்தை எவ்வளவு மாற்றும் என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. விரல் பதியும் பலகையிலோ வாதமில்லை; அது தேயாத வன்மரமாதல் வேண்டும். கருங்காலிக்கு அங்கே தனி மதிப்பு.

அந்தக் கருங்காலி எங்கள் வன்னிக் காட்டிலும் வளர்வது. பிரித்தானியர் காலத்தில் இலங்கைக் கருங்காலியும் முதிரையும் கப்பலேறிச் சீமைத் தளபாடங்களாயின. (நம்மவரின் மிருதங்கத்துக்கும் வீணைக்கும் பலாவே போதுமாயிருந்தது.)

2009 சனவரியில் உடையார்கட்டையும் உள்ளடக்கி அரசு பாதுகாப்பு வலயம் அறிவித்தது. எறிகணைகள் அதனுள்ளும் வீழ்ந்தன. அந்நாளில் மக்கள் மரம் தேடியது பதுங்குகுழிக்கு மேல் அடுக்குவதற்கே.

அவ்வூர்ப் பிள்ளையொருவர் புலம்பெயர் நாட்டில் தமக்கென பேஸ் கிற்றார் செய்விக்கிறார்; ஊர் மரம் ஒரு துண்டேனும் அதில் வேண்டுமென்கிறார். காட்டுக் கருங்காலியை நாடவேண்டாம் என்றேன். மிக மெதுவாக வளரும் மரம். அனுமதியின்றி வெட்டுவதும் குற்றம். இடிந்த வீட்டின் முதிரை நிலை கிடைத்தால் அதுவே மேல். பல்லாண்டு உலர்ந்தது, எளிதில் வளையாது. உடல் முழுவதற்கும் முதிரை ஆகாது, பாரத்தில் தோள் கழன்றுவிடும். விரற்பலகைக்கு 6 மில்லிமீற்றர் கனமே போதும். அறுக்குமுன் உலோகம் காட்டும் கருவியால் சோதிக்கவேண்டும். ஆணி மட்டுமன்று, எறிகணைச் சிதறலும் உள்ளே இருக்கக்கூடும்.