கண்டிச் சீமையின் குளிர்காலம்

பனி மூடிய மலையூர் என்றதும் நம் மாணவர் உள்ளத்தில் எழுவது சுவிற்சர்லாந்து தேசத்தின் காட்சியே. கூரைமேற் குவிந்த வெண்பனியும், சரிவுகளிற் பனிச்சறுக்கு ஆடும் மாந்தரும் படங்களின் வாயிலாக நமக்கு நன்கு பழகியவை. கண்டி மாநகரிலிருந்து ஐம்பது மைலுக்குட்பட்ட தொலைவில், தை மாத விடியலிற் புல்நுனிகள் வெண்மையாக உறையும் ஊரொன்று உண்டு. அவ்வூராகிய நுவரெலியாவின் குளிர்காலத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்விரு மலைநாடுகளையும் ஒப்புநோக்கி, குளிர் மக்கள் வாழ்வை எவ்வாறு அமைத்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் அல்ப்ஸ் மலையை நோக்குவோம். அங்குள்ள உயர்ந்த பள்ளத்தாக்குகள் ஒரு காலத்தில் வறுமை மிக்கவை. கோடையில் வைக்கோல் சேர்த்து, மாரியில் மாடுகளோடு ஒரே கூரையின் கீழ் அடைந்திருத்தல் அம்மக்களின் வழக்கம். நிலம் போதாமையால் இளைஞர் பலர் பிறநாட்டு நகரங்களுக்குச் சென்று பிழைத்தனர். இந்நிலை 1860களில் மாறத் தொடங்கிற்று. சென் மோரிற்ஸ் என்னும் ஊரில் விடுதி நடத்திய யோகான்னஸ் பாட்றுட் என்பவர், கோடையில் வந்த ஆங்கில விருந்தினரைக் குளிர்காலத்திலும் வந்து தங்குமாறு 1864 இல் அழைத்தார் என்பர். 1865 இல் டாவோஸ் என்னும் ஊருக்குக் காசநோயாளர் குளிர்காலத்தில் வந்து சேர்ந்தனர். நோய் தீர்க்க நாடிய குளிர், பின்னர் விளையாட்டுக்குரிய குளிராயிற்று. 1928 இல் சென் மோரிற்ஸ் நகரிற் குளிர்கால ஒலிம்பிக் விழா நடைபெற்றது. உழவர் மக்கள் வழிகாட்டிகளும் விடுதியாளரும் ஆயினர். ஊரை விட்டுச் சென்றவரின் பிள்ளைகள் ஊரிலேயே நிலைத்து வாழக் குளிர் வழி செய்தது.

இனி நம் மலைநாட்டுக்கு வருவோம். கண்டி ஏறக்குறைய 1,600 அடி உயரத்தில் உள்ளது. நுவரெலியாவோ 6,000 அடிக்கும் மேற்பட்டது. இங்கும் கதை உடல்நலத்திலேயே தொடங்குகின்றது. தேசாதிபதி சேர் எட்வேட் பாண்ஸ் 1820களின் இறுதியில், தாழ்நிலத்து வெப்பத்தால் நலிந்த படையினர் உடல் தேறுமிடமாக இவ்வூரை ஆக்கினார். அவர் தமக்கெனக் கட்டிய மாளிகையே பிற்காலத்தில் கிறாண்ட் ஹோட்டல் ஆயிற்று. 1848 இற் சாமுவேல் பேக்கர் என்பார் கால்நடைகளோடும் விதைகளோடும் வந்து ஓர் ஆங்கிலக் கிராமத்தை இங்கு நிறுவ முயன்றார். 1870களில் தேசாதிபதி கிறகரி பெயரால் வாவி அமைந்தது. 1885 இற் புகையிரதம் நானுஓயாவை எட்டியது. 1889 இற் கொல்வ் விளையாட்டுக் கழகம் தோன்றியது. இவ்வாறு, டாவோஸைப் போலவே, நோயாளர் நாடிய ஊர் இன்பம் நாடுவோர் ஊராயிற்று.

இதுவரை இரு வரலாறுகளும் ஒத்துச் செல்கின்றன. வேறுபாடு யாதெனில், உழைத்தவர் யாவர் என்பதிலேயே உள்ளது. 1820களிற் கம்பளைப் பகுதியிற் கோப்பித் தோட்டங்கள் தொடங்கிய காலமுதல், தமிழகத்து வறண்ட ஊர்களிலிருந்து மக்கள் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தனர். நோயாலும் பசியாலும் வழியிலே மாண்டோர் பலர். கோப்பி நோயுற்று அழிந்தபின், 1867 இற் கண்டிக்கு அணித்தான லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய தேயிலைச் செய்கை மலையுச்சி வரை பரவியது. எந்தத் தோட்டத்துக்குச் செல்வதாயினும் “கண்டிச் சீமைக்குப் போகிறோம்” என்பதே அவர்தம் வழக்கு. அல்ப்ஸ் மலையிற் குளிர் தன் மக்களைத் தன் மண்ணில் நிறுத்தியது. கண்டிச் சீமையிலோ, வெயிலிற் பிறந்தோர் பிறந்த மண்ணைப் பிரிந்து குளிருக்குள் வந்து சேர்ந்தனர்.

அக்குளிரின் இயல்பைச் சிறிது விளக்குதல் வேண்டும். வடகீழ்ப் பருவமழை ஓய்ந்தபின், தை, மாசி மாதங்களில் வானம் தெளிவடைகின்றது. முகில் இல்லாத இரவில் நிலம் தன் வெப்பத்தை விரைவில் இழக்கின்றது. குளிர்ந்த காற்று பாரமுடையதாதலால் சரிவுகளில் இறங்கிப் பள்ளங்களிலே தேங்குகின்றது. எனவே மேட்டுத் தேயிலை பசுமையாக நிற்க, பள்ளத்துத் தேயிலை உறைபனியாற் கருகிவிடுகின்றது. விருந்தினருக்கு அவ்வெண்மை கண்கொள்ளாக் காட்சி. கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கோ அது கூலிக் கணக்கு. கொழுந்து குறைந்தால் நிறை குறையும். நிறை குறைந்தால் முழுப்பேர் அரைப்பேராகும்.

விடியுமுன் தப்பு முழங்கும். பிரட்டுக்களத்தில் ஆட்கள் கூடுவர். தலையிற் கம்பளியும் இடுப்பிற் படங்கும் அணிந்து, பனிநீர் சொட்டும் செடிகளுக்கிடையே பெண்கள் நிரையாக இறங்குவர். அக்கம்பளியும் பல தோட்டங்களிற் கடனாகக் கொடுக்கப்பட்டுக் கூலியிற் கழிக்கப்பட்டது. அல்ப்ஸ் உழவனுக்குப் பனிக்காலம் வயலுழைப்பு ஓய்ந்த காலம்; தேயிலைக்கு அத்தகைய ஓய்வு இல்லை. மாலையில் அவர்கள் திரும்பும் லயத்து அறை பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவினது. அதற்குள்ளேயே அடுப்பும் படுக்கையும் குழந்தைகளும். விறகுப் புகை கண்ணைக் கரித்தாலும், அதன் வெம்மையை இழக்க மனம் வராது கதவை அடைத்துக்கொள்வர்.

எனினும் இம்மக்கள் குளிரைத் துன்பமாக மட்டும் கொள்ளவில்லை. மார்கழியில் வைகறையிலெழுந்து விளக்கேந்தி லயந்தோறும் பசனை பாடிச் சென்றனர். தையிற் பொங்கலிட்டனர். மாசியிற் காமன் கூத்துக்குக் கம்பம் நட்டனர். சமவெளியிலிருந்து கொணர்ந்த பருவ வழக்கங்களை, அவை தோன்றிய வெப்பநிலம் கண்டிராத குளிரிலே நட்டு வளர்த்தனர். ஆங்கிலேயர் கொணர்ந்த உருளைக்கிழங்கு இம்மண்ணில் வேரூன்றியதைப் பெருமையாக எழுதும் நூல்கள், இவ்வேரூன்றலையும் எழுதியிருத்தல் வேண்டும்.

2023 இல், மலையகத் தமிழர் வருகையின் இருநூறாம் ஆண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்து சென்றனர். முன்னோர் நடந்த வழியைக் கால்களால் மீளப் படித்த செயல் அது. ஆயினும் வரலாறு நடையோடு முடிவதன்று. தேசாதிபதிகளின் பெயரை வாவியும் மாளிகையும் காத்து நிற்கின்றன. கம்பளி போர்த்து மலையேறியவளின் பெயரைக் காப்பது அவள் பேரப்பிள்ளையின் நினைவொன்றே. நம் கல்லூரி மாணவருள் அத்தகைய பேரப்பிள்ளைகள் இருப்பர். லயத்திலிருந்தே பள்ளி வருவோரும் இருப்பர். எந்த ஊரிலிருந்து வந்தார்கள், முதற் குளிரை எப்படித் தாங்கினார்கள், மார்கழியில் எந்தப் பாட்டைப் பாடினார்கள் என்று முதியோரைக் கேட்டு, ஆண்டும் இடமும் குறித்து எழுதி வைப்பாராக. கேட்பதற்கு உரியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். வரும் விடுமுறையிலேயே இப்பணியைத் தொடங்குதல் நன்று.