முத்தம்மாவின் நியமனம்

கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்திற்கு இறங்கியிருந்ததை நாம் அறிவோம். அவ்வாழத்தில் பெண்களை வேலைக்கு வைத்தலாகாது என்பது 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின் விதி. 2019இல் அத்தடை தளர்ந்தபொழுது, நம் சுரங்கங்கள் மூடப்பெற்று ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் கடந்திருந்தன. இங்கே நிலத்தடி எவ்வாறோ, டில்லியில் கடல் கடந்த ராஜதந்திர உத்தியோகமும் அவ்வாறே பெண்ணுக்கு எளிதில் திறவாத வாயிலாக இருந்தது. அவ்வாயிலில் நின்று வழக்காடிய ஒருவரைப் பற்றி இன்று சிந்திப்போம்.

நம் மாநிலத்தின் மேற்கே, குடகு நாட்டு விராஜ்பேட்டையில் 1924இல் பிறந்தவர் சி. பி. முத்தம்மா. சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றவர். 1948ஆம் ஆண்டுத் தேர்வில் வென்று, மறு ஆண்டு இந்திய அயல்நாட்டுப் பணியில் சேர்ந்த முதற் பெண்மணி இவரே. தேர்வாணையத் தலைவரே இப்பணி வேண்டாமென்று தம் மனத்தை மாற்ற முயன்றதாகப் பின்னாளில் இவர் தமது மனுவில் குறித்தார். மணம் புரிந்தால் பதவி விலகுவதாக எழுதிக்கொடுத்தே பணியேற்க வேண்டியிருந்தது. ஆடவர்க்கு அத்தகைய நிபந்தனை ஏதுமில்லை!

பாரிஸில் தொடங்கிய பணி, 1970இல் ஹங்கேரி நாட்டின் தூதர் பதவி வரை உயர்ந்தது. பின்னர் கானா நாட்டிலும் தூதராக இருந்தார். ஆயினும் பணியின் முதல் தரத்திற்கு உயரும் முறை வந்தபொழுது, தகுதி போதாதென்று ஒதுக்கப்பட்டார். இளையவர் சிலர் முந்தினர். காத்திருந்தது போதுமெனக் கருதிய முத்தம்மா சுப்ரீம் கோர்ட்டை நாடினார்.

அங்கே 1961ஆம் ஆண்டின் இரண்டு விதிகள் வெளிச்சத்திற்கு வந்தன. பெண் அதிகாரி மணம் புரியுமுன் சர்க்காரின் எழுத்து மூலமான அனுமதி பெற வேண்டும். குடும்பக் கடமை பணிக்கு இடையூறெனச் சர்க்கார் கருதினால் அவர் விலக வேண்டும் என்றது ஒன்று. மணமான பெண் இப்பணியில் நியமனத்தை உரிமையாகக் கோரலாகாது என்றது மற்றொன்று. சுரங்கத் தடைக்காவது உயிருக்கு அபாயம் என்று ஒரு காரணம் சொல்லலாம். தூதரகத்து நாற்காலியில் என்ன அபாயம் கண்டனரோ!

வழக்கு விசாரணைக்கு வருமுன்னரே பதவி உயர்வு வந்து சேர்ந்தது. நெதர்லாந்தின் ஹேக் நகருக்குத் தூதராக நியமனமும் கிடைத்தது. வழக்கே அதனை விரைவுபடுத்தியது என்று எண்ண நமக்கு இடமுண்டு. 1979 செப்டம்பர் 17 அன்று நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்புரைத்தார். குடும்பப் பொறுப்பு பெண்ணின் பணியைக் குலைக்குமானால் ஆணின் பணியையும் குலைக்குமன்றோ என்பது அவர் எழுப்பிய வினா. ஒரு விதி 1973இலேயே நீக்கப்பட்டதென்றும், மற்றதும் நீக்கப்படுகிறதென்றும் சர்க்கார் தரப்பு தெரிவித்தது. பதவி உயர்வு கிடைத்துவிட்டமையால் மனு தள்ளுபடியாயிற்று. எனினும், இடையே சில மாதங்களில் முந்திச் சென்ற இளையவர்களோடு ஒப்பிட்டு, அவருடைய பணிமூப்பை மீண்டும் ஆராயுமாறு நீதிமன்றம் பணித்தது.

ஹேக் நகரத்துப் பணிக்குப் பின் 1982இல் முத்தம்மா ஓய்வு பெற்றார். 2009இல் பெங்களூரில் காலமானார்.