மருந்தும் நஞ்சும்: பேராக் தோட்டங்களில் களை, நோய்த் தடுப்பின் வரலாறு

புந்தோங்கில் வாழும் முதியோரிடம், இளமையில் தோட்டத்தில் என்ன வேலை செய்தீர்கள் என்று வினவினால், பெரும்பாலும் மூன்று விடைகளுள் ஒன்று கிடைக்கும்: பால் வெட்டினோம், புல் வெட்டினோம், மருந்து அடித்தோம். முதலிரண்டும் வெளிப்படையானவை. மூன்றாவது விடையில் நாம் சற்றே நின்று நோக்க வேண்டிய ஒன்று உண்டு. அங்கு அடிக்கப்பட்டது நோய் தீர்க்கும் பொருளன்று. புல்லைக் கொல்லும் நஞ்சு. நஞ்சுக்கு மருந்து என்னும் பெயர் எவ்வாறு வந்தது? அப்பெயரால் விளைந்தது யாது? இவ்விரு வினாக்களை முன்வைத்தே, நம் முன்னோர் உழைத்த தோட்டங்களில் களையும் பயிர்நோயும் எதிர்கொள்ளப்பட்ட வரலாற்றை இவ்வுரையில் காண்போம்.

பூசணம் திருப்பிய பாதை

தமிழரின் தோட்ட வரலாற்றைக் கங்காணியும் கப்பலும் மட்டுமே தீர்மானிக்கவில்லை. கண்ணுக்குப் புலப்படாத ஒரு பூசணத்துக்கும் அதில் பங்குண்டு. 1869 இல் இலங்கையின் காப்பித் தோட்டங்களில் இலைத் துரு நோய் கண்டறியப்பட்டது. 1880 இல் அங்கு அனுப்பப்பட்ட மார்ஷல் வார்டு என்னும் ஆங்கிலேய அறிஞர், நோய் பரவும் முறையை ஆராய்ந்து தெளிவுபடுத்தினார். மலை மலையாக ஒரே பயிரை இடைவெளியின்றி நட்டதே நோய்க்கு வழிதிறந்தது என்பதும் அவ்வாய்வால் விளங்கிற்று. ஆயினும் காப்பியைக் காக்க இயலவில்லை. இலங்கை தேயிலைக்கு மாறிற்று; தோட்ட முதலாளிகள் சிலர் மலாயாவுக்குப் பெயர்ந்தனர்.

மலாயாவிலும் அவர்கள் முதலில் காப்பியையே நட்டனர். இங்கும் துரு நோயும் இலை தின்னும் புழுக்களும் தாக்கின. உலகச் சந்தையில் விலையும் வீழ்ந்தது. அதன் பின்னரே இரப்பர் முதன்மை பெற்றது. 1877 இல் நம் பேராக் மாநிலத்துக் கோலாகங்சாரில் நடப்பட்ட 9 கன்றுகள் அம்மரத்தின் தொடக்கச் சான்றுகள் ஆகும்.

தென் அமெரிக்காவில் இரப்பர் மரத்தை அழிக்கும் இலைக்கருகல் நோய் ஒன்று உண்டு. 1928 இல் பிரேசிலில் ஹென்றி ஃபோர்டு தொடங்கிய பெருந்தோட்ட முயற்சி வீழ்ந்ததற்கு அந்நோய் ஒரு பெருங்காரணம். 1945 இல் அவருடைய நிறுவனம் தோட்டங்களை விற்று வெளியேறிற்று. விதைகள் கடல் கடந்து வந்தபோது நோய் உடன் வரவில்லை. மலாயாவின் இரப்பர் வளம் அந்நற்பேற்றின் மீது எழுந்ததாகும்.

புல்லும் கூலியும்

காட்டை அழித்து வெயில் படச் செய்த நிலத்தில் முதலில் எழுவது லாலாங் புல். அதன் உயிர் மண்ணுக்குள் ஓடும் தண்டில் இருக்கின்றது. மேலே அரிந்தால் மீண்டும் துளிர்க்கும். எரித்தால் இன்னும் செழிக்கும். ஆகவே மண்ணைக் கிளறித் தண்டைப் பொறுக்கி எடுக்க வேண்டியிருந்தது. தொடக்கக் காலத் தோட்டத் துரைமார், மரங்களுக்கிடையே ஒரு புல்லும் தலைகாட்டாத தரையையே நல்ல தோட்டத்தின் அடையாளமாகக் கொண்டனர். அத்தூய்மையைக் காத்தவர்கள், ஆண்களினும் குறைந்த கூலி பெற்ற பெண்களும் சிறுவர்களும் ஆவர்.

வள்ளுவர் கொடியோரை ஒறுக்கும் வேந்தன் செயலுக்குக் களையெடுப்பை உவமையாக்கினார். உழவர் மரபில் அத்துணைச் சிறப்புடைய தொழில், தோட்டக் கணக்கில் மிகக் குறைந்த கூலிக்குரிய வேலையாயிற்று.

அத்தூய்மை நிலத்துக்கும் நன்மை செய்யவில்லை. மறைப்பற்ற சரிவுகளில் பெருமழை மேல்மண்ணை அரித்துச் சென்றது. பின்னர், மரவரிசைகளுக்கிடையே அவரைக் குடும்பத்துக் கொடிகளை மூடுபயிராக வளர்க்கும் முறை பரவிற்று. அவை மண்ணை மூடிக் காத்தன; காற்றிலுள்ள நைட்ரசனை வேர்முடிச்சுகளில் சேர்த்தன; லாலாங்குக்கு வெயில் கிடைக்காமல் செய்தன. களையைச் செடியால் வெல்லும் வழி இது.

மரத்திற்கு மருந்து

1925 இல் மலாயா இரப்பர் ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. அதன் அறிஞர்கள் பெரிதும் ஆராய்ந்த நோய்களுள் ஒன்று வெண்வேர் நோய். காட்டு மரங்களை வெட்டியபின் நிலத்தில் விட்ட அடிக்கட்டைகளில் பூசணம் தங்கி, வேரோடு வேர் தொடுமிடத்தில் இரப்பர் மரத்துக்குத் தாவும். அடிமரத்து மண்ணை விலக்கி வேரைச் சோதித்தல், நோயுற்ற வேரை அகற்றுதல், பள்ளம் வெட்டி மரங்களைப் பிரித்தல் ஆகியன தடுப்பு முறைகள். முன்கூறிய மூடுகொடிகள், மண்ணில் கிடக்கும் பழைய கட்டைகளும் வேர்களும் விரைந்து மட்க உதவிப் பூசணத்தின் உணவைக் குறைப்பதும் பின்னர் அறியப்பட்டது.

மற்றொன்று, பால் வெட்டும் பட்டையைத் தாக்கும் அழுகல் நோய். மழைக்காலத்தில் ஒரு மரத்தினின்று அடுத்த மரத்துக்கு அதனைக் கொண்டு செல்வது வெட்டுக்கத்தியே. ஆதலின் கத்தியைத் தூய்மை செய்வதும் வெட்டுமுகத்தில் பூசணக்கொல்லி பூசுவதும் கற்பிக்கப்பட்டன. ஆய்வகத்தில் எழுதப்பட்ட அறிவுரையை விடியற்காலை இருளில் மரந்தோறும் நிறைவேற்றியவை தொழிலாளரின் கைகள். அங்குப் பூசியதை மருந்து என்றது முற்றிலும் பொருந்தும். அது மரத்தின் புண்ணை ஆற்றுவது.

களைக்கு நஞ்சு

அதே சொல் களைக்கொல்லிக்கும் சென்று ஒட்டிக்கொண்டபோதுதான் இடர் நேர்ந்தது. கைக்களையெடுப்புக்குச் செலவாகும் கூலியைக் குறைக்க, தோட்டங்களில் சோடியம் ஆர்சனைட் தெளிக்கப்பட்டது. அது ஆர்சனிக் கலந்த கொடிய நஞ்சு. தெளித்த புல்லை மேய்ந்த மாடுகளையும் அது கொல்லவல்லது.

1960களில் பாராகுவாட் என்னும் களைக்கொல்லி விற்பனைக்கு வந்தது. பச்சை இலையில் பட்டால் விரைவில் கருக்கும். மண்ணில் பட்டால் மண்துகள்களோடு இறுகப் பிணைந்து செயலற்றுப்போகும். தோட்டத்துக்கு இவை பேரு நயங்கள். மனித உடலுக்கோ வேறு கணக்கு: விழுங்கினால் நுரையீரலைச் சிதைக்கும், அதற்கு முறிமருந்து இல்லை. தோலில் நெடுநேரம் பட்டாலும் புண்ணாக்கும், நகத்தைக் கெடுக்கும்.

இத்தகைய கலவையை முதுகில் சுமந்து நாள்தோறும் தெளித்தோருள் பலர் இந்தியப் பெண்கள். பீப்பாயில் முன்னரே கலந்து கொடுக்கப்பட்டதைத் தெளிப்பவருக்குப் புட்டியின் எச்சரிக்கையைப் படிக்கும் வாய்ப்பில்லை. அவர் அறிந்த பெயர் மருந்து என்பதே. பெயர் அச்சத்தைத் தரவில்லை. அச்சமில்லாதவிடத்துக் கையுறையும் முகமூடியும் வேண்டும் என்னும் கோரிக்கை வலுப்பெறுவதும் அரிது.

1974 இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் இயற்றப்பட்டது. 2002 இல் தெனாகனீத்தா அமைப்பும் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு வலையமைப்பின் ஆசிய பசிபிக் பிரிவும் தெளிப்புத் தொழிலாளரின் உடல்நலம் பற்றிய ஆய்வறிக்கையை வெளியிட்டன. அவ்வாண்டே அரசு பாராகுவாட்டை விலக்க முடிவு செய்தது. 2006 இல் அம்முடிவு தளர்த்தப்பட்டது. 2020 சனவரி 1 முதல் முழுத்தடை நடைமுறைக்கு வந்தது. முதல் முடிவுக்கும் முழுத்தடைக்கும் இடையே ஏறத்தாழ 17 ஆண்டுகள் கழிந்தன.

கொல்லாமல் காத்தல்

நஞ்சே இறுதி விடையன்று என்பதை இந்நாட்டின் செம்பனைத் தோட்டங்களும் காட்டியுள்ளன. 1960களின் தொடக்கத்தில் கூடுகட்டும் புழுக்கள் பெருகியதை ஆராய்ந்த பிரையன் வுட், எல்லாப் பூச்சிகளையும் கொல்லும் தெளிப்பே அப்பெருக்கத்துக்குக் காரணம் என விளக்கினார். புழுவை உண்ணும் பூச்சிகளும் ஒட்டுண்ணிகளும் தெளிப்பினால் மாண்டிருந்தன. தெளிப்பை நிறுத்தியபோது அவை மீண்டன, சமநிலையும் மீண்டது. எலியைக் கட்டுப்படுத்தக் கூகைகளுக்குத் தோட்டத்தில் கூண்டு அமைக்கும் வழக்கமும் பின்னர்ப் பரவிற்று.

சொல்லைத் திருத்துதல்

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் பயிர் மாறியும் நம் குடும்பங்கள் பல நகரங்களுக்கு வந்துவிட்டன. ஆனால் மருந்து அடித்தல் என்னும் வழக்கு நம்முடன் வந்துள்ளது. இன்று வீட்டுத் தோட்டத்துக்கு வாங்கும் புட்டியையும், பழைய குளிர்பான போத்தலில் ஊற்றி வைக்கும் எஞ்சிய கலவையையும் அச்சொல்லாலேயே குறிக்கின்றோம். குழந்தையின் இருமலுக்குக் கொடுப்பதற்கும் அதே பெயர்.

ஆசிரியர்கள் வகுப்பில் களைக்கொல்லி, பூச்சிக்கொல்லி, பூசணக்கொல்லி என்னும் சொற்களைப் பொருள் பிரித்துக் கற்பிக்க வேண்டுகிறோம். கொல்லி என்னும் ஈறு, உள்ளே இருப்பது எத்தகையது என்பதைத் தானே அறிவிக்கின்றது. மாணவர்கள் தத்தம் பாட்டியரிடம் சென்று, எந்தப் புல்லை எவ்வாறு எடுத்தீர்கள், எதைத் தெளித்தீர்கள், கைகளுக்கு என்ன அணிந்தீர்கள் என்று கேட்டு, அவர்கள் கூறும் சொற்களிலேயே எழுதி வைக்க வேண்டுகிறோம். நோய்களைப் பற்றியும் களைகளைப் பற்றியும் ஆய்வுக் கழகங்களின் ஏடுகள் நிறைய உள்ளன. தெளித்தவர்களின் கூற்றோ பெரும்பாலும் அவர்கள் நினைவிலேயே உள்ளது. அவர்கள் இருக்கும்போதே அதைக் கேட்டு எழுதிவிட வேண்டும்.