கெத்தா பெர்ச்சாவும் கடலடிக் கம்பியும்



தேக்கா சந்தையில் சாமான் வாங்கிவந்த பிளாஸ்டிக் பையின் ஒரு துண்டையும், பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயின் ஒரு துண்டையும் வகுப்பில் நாங்கள் வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்தோம். நன்றாக நனைத்து அமுக்கியும் பைத் துண்டு மேலே வந்தது. குழாய்த் துண்டு அடியில் போய் உட்கார்ந்தது. இரண்டும் பிளாஸ்டிக்தானே, ஏன் இந்த வேற்றுமை? இதற்கு விடை தேடினால் சிங்கப்பூரின் பழைய வரலாறு ஒன்று கிடைக்கிறது.

மலாய் மக்கள் தாபான் மரத்தின் பிசினை வெந்நீரில் இளக்கிப் பாராங் கத்திக்குப் பிடி செய்தார்கள். ஆறியதும் அது இறுகிவிடும். இதுவே கெத்தா பெர்ச்சா. இயற்கை தந்த பிளாஸ்டிக் எனலாம். சிங்கப்பூரில் பணியாற்றிய டாக்டர் வில்லியம் மாண்ட்கோமரி 1843இல் இதன் மாதிரிகளைப் பிரிட்டனுக்கு அனுப்பினார். மின்சாரம் கசியாமல் காக்கும் குணம் இதற்கு உண்டென்று கண்டு, தந்திக் கம்பிக்கு உறையாக்கினார்கள்.

1850இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே, இந்த உறையிட்ட செம்புக் கம்பியைக் கடலில் இறக்கினார்கள். அது மிக இலேசாக இருந்ததால், கடலடியில் அமர்த்த ஆங்காங்கே ஈயக் கட்டிகளைப் பிணைக்க வேண்டியதாயிற்று. விரைவிலேயே கம்பி அறுந்தது. மறு ஆண்டு இரும்புக் கம்பிகளால் கவசமிட்டார்கள், அது நிலைத்தது.

இலேசுக்குக் காரணம் அடர்த்தி. ஒரு பொருளின் எடையை அதன் கன அளவால் வகுத்தால் அடர்த்தி வரும். 100 கன சென்டிமீட்டர் தண்ணீரின் எடை 100 கிராம், அடர்த்தி 1. அதே அளவு கெத்தா பெர்ச்சா ஏறக்குறைய 97 கிராம். 97ஐ 100ஆல் வகுத்தால் 0.97. செம்பின் அடர்த்தி ஏறக்குறைய 9. ஆனால் கம்பியில் செம்பு மெல்லியது, உறையோ தடித்தது.

1871இல் சென்னையும் சிங்கப்பூரும் பினாங்கு வழியாகக் கடலடித் தந்தியால் இணைந்தன. கப்பலுக்குக் காத்திருந்த செய்தி கம்பியில் பறந்தது. ஆனால் பிசினுக்காக மரங்களை வெட்டிச் சாய்த்ததால், சிங்கப்பூர்க் காடுகளில் தாபான் அரிதாகிப்போயிற்று.

1933இல் இங்கிலாந்தில் கண்டறியப்பட்ட பாலித்தீன், பின்னாளில் கடலடிக் கம்பிகளில் கெத்தா பெர்ச்சாவின் இடத்தைப் பிடித்தது. அதன் அடர்த்தி 0.91 முதல் 0.97 வரை, ஆகவே பை மிதக்கிறது. குழாய் செய்யும் பி.வி.சி.யின் அடர்த்தி ஏறக்குறைய 1.4, ஆகவே அது மூழ்குகிறது.

தோட்டத்தில் மெட்ரோலாக் கருவியைப் பாலில் மிதக்கவிடுவதும் இதே கணக்குத்தான். ரப்பர் தண்ணீரைவிட இலேசு. பாலில் ரப்பர் மிகுந்தால் கருவி ஆழ இறங்கும். தண்ணீர் கலந்தால் மேலே ஏறும். பாலிலுள்ள ரப்பரை வைத்துக் கூலி போடும் இடத்தில், அந்த எண்ணே நம் வீட்டு அடுப்பை எரியவைக்கிறது. அதை நம் பிள்ளைகள் தாமே பார்த்துப் படிக்கவும், சரிதானா என்று கணக்கிட்டுச் சொல்லவும் தெரிந்திருக்க வேண்டும்.