பலத்த காற்றில் வத்தை செலுத்துதல்

வத்தை என்பது பாக்கு விரிகுடாக் கரையில் வழங்கும், தட்டையான அடிப்பகுதி கொண்ட பாய்மர மீன்பிடிப் படகு ஆகும். இராமநாதபுரம் மாவட்டத்தில் தேவிபட்டினத்திற்கும் தொண்டிக்கும் இடையில் உள்ள திருப்பாலைக்குடி இவ்விரிகுடாவின் கரையூர்களுள் ஒன்று. நிலமும் தீவுகளும் மணல்திட்டுகளும் சூழ்ந்திருப்பதால் இங்குள்ள கடல் ஏறத்தாழ ஓர் உள்நாட்டு நீர்நிலை போன்றது. மீனவர்கள் இதனைப் பெண் கடல் என்றும், மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் அழைப்பர். பெயரை நம்பி இக்கடலை எளிதாக எண்ணிவிடக் கூடாது. விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டருக்கும் குறைவான ஆழமுடையது. ஆழமற்ற நீரில் காற்று எழுப்பும் அலைகள் நெருக்கமாகவும் செங்குத்தாகவும் அமைகின்றன. ஓர் அலையிலிருந்து படகு நிமிர்வதற்குள் அடுத்தது வந்துவிடுகின்றது.

படகின் அமைப்பு

ஆழமான அடிக்கட்டை இருந்தால் படகு கரையருகே தரைதட்டும். எனவே வத்தைக்குத் தட்டையான அடிப்பகுதி. ஆனால் அத்தகைய படகு பக்கக் காற்றில் வழுக்கிச் செல்லும், எளிதில் கவிழவும் செய்யும். முதற் குறையைப் போக்கப் பக்கவாட்டில் ஒரு பலகையை நீருக்குள் இறக்குகின்றனர். நெதர்லாந்தின் ஆழமற்ற கடற்பகுதிகளில் ஓடிய தட்டையடிப் படகுகளிலும் இதே உத்தி காணப்படுகின்றது. இரண்டாவது குறைக்குத் தீர்வு, படகின் குறுக்கே காற்று வரும் பக்கமாக நீட்டப்படும் சமநிலைப் பலகை. காற்று வலுக்க வலுக்க ஆட்கள் அதன் முனையை நோக்கி நகர்ந்து அமர்வர். 60 கிலோ எடையுள்ள ஒருவர் படகின் நடுக்கோட்டிலிருந்து 3 மீட்டர் தள்ளி அமர்ந்தால், 1 மீட்டரில் அமரும் மூவர் தரும் திருப்புத்திறனை அவர் ஒருவரே தருகின்றார்.

செலுத்தும் முறை

பாயின் மீதான விசை காற்றின் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கின்றது. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகக் காற்று 40 ஆனால் விசை நான்கு மடங்காகும். ஆகவே படகு சாயத் தொடங்கிய பின் பாயைக் குறைப்பது காலம் கடந்த செயல். நீரின் நிறம் தொலைவில் கறுத்து வரும்போதே குறைக்க வேண்டும். திடீர் வீச்சின்போது பாயின் கீழ்முனைக் கயிற்றைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றுவர். அக்கயிற்றை இறுகக் கட்டி வைக்காமல் கையிலேயே பிடித்திருப்பது இதனால்தான். திசை மாற்றும் நொடியே மிக இடரானது: பாய் மறுபுறம் செல்வதற்கும் பலகையும் ஆட்களும் மறுபுறம் செல்வதற்கும் இடைவெளி ஏற்பட்டால் படகு கவிழும்.

நிலைமை கைமீறினால் பாயை இறக்கி, அணியத்திலிருந்து நங்கூரம் இடலாம். ஆழக்கடலில் கிட்டாத வசதி இது. கயிறு நீரின் ஆழத்தைப் போல் 5 முதல் 7 மடங்கு நீளம் இருத்தல் வேண்டும். பின்புறத்திலிருந்து நங்கூரம் இட்டால் அலை படகினுள் ஏறிவிடும்.

காற்றின் திசை

வடகிழக்குப் பருவத்தில் வீசும் வாடைக்காற்று விரிகுடாவைக் கடந்து வருவதால் அலையைக் கரைமேல் தள்ளுகின்றது. அப்போது கரையேறுவதே ஆபத்து. தென்மேற்குப் பருவத்தில் நிலத்திலிருந்து வீசும் காற்று இதைவிட ஏமாற்றுவது. கரையோரம் அலையின்றித் தெளிவாக இருக்கும். காற்றின் முழு வலிமை சில கிலோமீட்டர் உள்ளே சென்ற பின்னரே தெரியும். பாய் கிழிந்தாலோ இயந்திரம் நின்றாலோ படகு கிழக்கு நோக்கி அடித்துச் செல்லப்படும். அத்திசையில் 1974 ஆம் ஆண்டு உடன்படிக்கையால் வரையறுக்கப்பட்ட இந்திய - இலங்கை கடல் எல்லை உள்ளது. அதைக் கடந்த மீனவர்களை இலங்கைக் கடற்படை சிறைபிடிப்பது வழக்கம். காற்றுக்கு அந்தக் கோடு தெரியாது.

இன்றைய நிலை

மீன்பிடித் தொழிலில் இயந்திரப் படகுகள் பெருகிவிட்டன. தொண்டி வட்டாரத்தில் திருவிழாக்களை ஒட்டி நடைபெறும் பாய்மரப் படகுப் போட்டிகளில் பழைய திறன் இன்னும் வழங்குகின்றது. இயந்திரப் படகிலும் பாய், துடுப்பு, நீண்ட நங்கூரக் கயிறு ஆகியவற்றை வைத்திருப்பது நல்லது. வானிலை ஆய்வு மையத்தின் எச்சரிக்கையின் பேரில் பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றப்படும். 3 ஆம் எண் கூண்டு, துறைமுகத்தில் சூறைக்காற்று வீசக்கூடும் என்பதைக் குறிக்கும். அன்று வத்தையைக் கரையில் ஏற்றிக் கட்டிவிட வேண்டும்.