சாவி கொடுத்தால் பாடிய பெட்டி

மின்சாரம் எட்டிப்பாராத சிற்றூர்களிலும் ஒரு காலத்தில் கிராமபோன் பாடியது. அதற்கு வேண்டியது கைப்பிடியும் அதைச் சுற்ற ஒரு கையுமே. மாணவர்களில் பலர் இதைப் படத்தில்தான் கண்டிருப்பீர்கள்.

1877-ஆம் ஆண்டில் எடிசன், வெள்ளீயத் தகடு சுற்றிய உருளையில் குரலைப் பதித்தார். பத்தாண்டு கழித்து எமில் பெர்லினர் உருளையை விடுத்து வட்டத் தட்டைக் கைக்கொண்டார். ஆயினும் கையாற் சுழற்றுகையில் வேகம் ஏறியிறங்கிச் சுருதி கெட்டது. 1896-இல் எல்ட்ரிட்ஜ் ஜான்சன் என்பார் அதற்கேற்ற சுருள்வில் பொறியைச் செய்தார். சாவி கொடுத்தால் முறுக்கேறும் வில், மெல்ல விரிந்து தட்டைச் சுழற்றும். வேகம் மிகுந்தால் சிறு குண்டுகள் வெளிப்புறம் விலகி, உராய்வினால் அதை அடக்கும். பின்னாளில் நிமிடத்திற்கு 78 சுற்று என்பது வழக்காயிற்று. மூடியைத் திறந்தால் இவ்வளவும் கண்ணுக்குத் தெரியும். சேகரிப்போரை மயக்குவது பெரும்பாலும் இதுதான்.

1902-இல் கெய்ஸ்பர்க் என்ற ஒலிப்பதிவாளர் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானின் பாட்டைப் பதிவு செய்தார். விடிய விடியப் பாட வல்ல அவ்வம்மையார் ஏறக்குறைய மூன்று நிமிடத்தில் ராகத்தை அடக்கி, முடிவில் தம் பெயரையும் ஆங்கிலத்தில் சொன்னார். பதிவு ஜெர்மனியின் ஹானோவர் நகருக்குச் சென்று தட்டாகித் திரும்பிற்று. தட்டுக்கு மூலப்பொருளான அரக்கோ பெரும்பாலும் நம் நாட்டு மரங்களில் விளைந்தது. நம் அரக்கும் நம் பாட்டும் கடல் கடந்து மீண்டு நமக்கே விலைக்கு வந்த விந்தையை என்னென்பது!

அந்த அரக்கோடு கற்பொடியும் கலந்தனர். எஃகு ஊசி தேய்ந்து தட்டின் பள்ளத்தோடு பொருந்துவதற்காகவே அவ்வேற்பாடு. ஒரு பக்கம் பாடியதும் ஊசியை மாற்ற வேண்டும். ஆனால் நூறு கிராமுக்கு மேற்பட்ட பாரம் ஊசிமேல் அழுந்துவதால், தட்டும் ஒவ்வொரு முறையும் சிறிது தேய்கிறது. நாடக மேடையில் புகழ்பெற்ற எஸ். ஜி. கிட்டப்பா 1933-இல் இளமையிலேயே மறைந்தார். அவர் குரல் நமக்கு எஞ்சியிருப்பது இத்தகைய தட்டுகளில்தான். அவற்றைப் பழைய பெட்டியில் ஓடவிட்டுக் கேட்பதில் தனிச்சுவை உண்டு. அச்சுவைக்காக அக்குரலையே தேய்ப்பது எனக்கு உடன்பாடன்று.

முறிந்த வில்லைப் புதிதாய்ச் செய்து மாட்டிவிடலாம். ஆகவே விவரமறிந்த சேகரிப்பாளர், அரிய தட்டைச் சில கிராமே அழுந்தும் மின்கருவியில் ஒருமுறை ஓடவிட்டுப் படியெடுத்தபின் உறையிலிட்டு நிமிர்த்தி வைக்கின்றனர். எளிதிற் கிடைக்கும் தட்டுகளே சாவிப் பெட்டிக்கு. அவற்றுக்கும் பக்கத்துக்கொரு புது ஊசி.