இரு கட்சிகளும் மூன்றாவது குரலும்

ஒரு கட்சி ஆள வேண்டும், மற்றொன்று அதனைக் கண்காணிக்க வேண்டும். நல்லாட்சிக்கு இவ்விரண்டே போதும் என்பது ஆங்கில நாட்டைப் பார்த்து நாம் கற்ற பாடம். அப்பாடம் இலங்கைக்குப் பொருந்திற்றா என்பதை வரலாறு கொண்டு ஆராய்தல் நலம்.

ஐக்கிய தேசியக் கட்சி 1946இலும் ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சி 1951இலும் தோன்றின. 1956இன் பின் ஆட்சி நெடுங்காலம் இவ்விரண்டிடையே கைமாறியது. 1957 யூலையில் பிரதமர் பண்டாரநாயக்கா, தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகத்துடன் பிரதேச சபைகள் பற்றி ஒப்பந்தஞ் செய்தார். ஐக்கிய தேசியக் கட்சி அதனை எதிர்த்தது, திரு. ஜே. ஆர். ஜயவர்த்தனா கண்டிக்கு யாத்திரை புறப்பட்டார். 1958 ஏப்ரலில் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. 1965 மார்ச்சில் டட்லி சேனநாயக்கா மாவட்ட சபைகளுக்கு உடன்பட்டார். இம்முறை எதிர்த்தது சுதந்திரக் கட்சி. 1968இல் அதுவும் கைவிடப்பட்டது. ஆட்சியிலிருப்பவர் கொடுக்க முன்வந்ததை வெளியிலிருப்பவர் எதிர்த்தால் வாக்குச் சேரும். இருவர் மட்டும் மோதும் களத்திலே சீர்திருத்தம் இவ்வாறே பலியாகின்றது.

மூன்றாங் கட்சியால் யாது பயன்? 1960 மார்ச்சுத் தேர்தலில் 151 ஆசனங்களுள் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 50, சுதந்திரக் கட்சிக்கு 46, தமிழரசுக் கட்சிக்கு 15 கிடைத்தன. எவருக்கும் பெரும்பான்மை இல்லாமையால் டட்லியின் அரசு சில வாரங்களிலே வீழ்ந்தது. 1965இலும் எக்கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை இல்லை, தமிழரசுக் கட்சி ஆதரவளித்தது, திரு. மு. திருச்செல்வம் உள்ளூராட்சி மந்திரியானார். தமிழ்மொழிப் பிரமாணங்கள் 1966 சனவரியில் நிறைவேறின.

1970இல் நிலை மாறிற்று. சுதந்திரக் கட்சியைவிட ஐக்கிய தேசியக் கட்சி சற்றுக் கூடிய வாக்குகளைப் பெற்றும் 17 ஆசனங்களே அடைந்தது. சுதந்திரக் கட்சி தலைமை தாங்கிய கூட்டணியோ 116 ஆசனங்களைக் கைப்பற்றியது. மூன்றாமவர் தயவு வேண்டாத அவ்வரசு, சிறுபான்மையோர்க்குக் காப்பெனக் கருதப்பட்ட சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவை 1972இல் ஒழித்தது. அவ்யாப்பை ஆக்கிய மந்திரி கொல்வின் ஆர். டி சில்வா, 1956இல் இருமொழிக்குச் சம அந்தஸ்துக் கேட்ட சமசமாஜக் கட்சியினரே. எனவே மூன்றாங் கட்சியாக இருத்தல் மாத்திரம் போதாது. பதவி வந்தபோதும் கொள்கை நிலைக்க வேண்டும்.

விகிதாசாரத் தேர்தல் 1989இல் பாராளுமன்றத்துக்கு நடைமுறைக்கு வந்தது. சிறு கட்சியும் வளர வழி பிறந்தது. 2020இல் 3 ஆசனங்கள் பெற்ற தேசிய மக்கள் சக்தி, 2024 நவம்பரில் 225இல் 159ஐ வென்றது. வன்னித் தேர்தல் மாவட்டத்தின் ஆறு ஆசனங்களிலும் இரண்டு அதனைச் சேர்ந்தன. மூன்றாமிடத்தில் நின்றது முதலிடத்துக்கு வந்துவிட்டது. மூன்றில் இரண்டு பங்கு பலமுடைய எவ்வரசுக்கும் 1970இன் சோதனை உண்டு.

ஆதலின் நாயாற்றிலும் முல்லைத்தீவிலும் வாழும் இளைஞர்கள் எக்கட்சி வெல்லும் என்று கேட்பதோடு நில்லாது, வென்றவரைத் தட்டிக் கேட்கும் குரல் எங்கே என்றும் கேட்க வேண்டும். கடலையும் காணியையும் நம்பி வாழும் நமக்கு அக்குரல் இன்றியமையாதது.